பிஹெச் கணக்கில் எந்தச் சூத்திரம் போடுவது? முதலில் குடுவையில் என்ன மிச்சம் என்று பாருங்கள்

கடலூர் முதுநகரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி கேட்டிருப்பது இது: "அயனிச் சமநிலைப் பாடத்தில் சூத்திரம் எல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கு வந்தால் எதைப் போடுவது என்று தெரியவில்லை. 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 8 என்று எழுதினால் ஏன் தப்பு? தாங்கல் கரைசல் எப்படித் தாங்குகிறது? பரங்கிப்பேட்டை பக்கம் அப்பா இறால் குளம் வைத்திருக்கிறார். பிஹெச் பேனா காலையில் 7.8 காட்டுகிறது, சாயங்காலம் 8.8. அந்தத் தண்ணீரும் தாங்கல் கரைசல்தானே, அது ஏன் தாங்கவில்லை?"

தம்பி, கடைசிக் கேள்விதான் இதில் அருமையானது. அதற்குப் போக மற்ற மூன்றையும் தாண்டித்தான் ஆக வேண்டும்.

சூத்திரங்கள் குழப்புவதற்குக் காரணம் சூத்திரங்கள் இல்லை. புத்தகத்தில் வலிமை மிகு அமிலம் ஒரு பகுதி, வலிமை குறைந்த அமிலம் ஒரு பகுதி, தாங்கல் கரைசல் ஒரு பகுதி, உப்பின் நீராற்பகுப்பு ஒரு பகுதி என்று தனித்தனியாக வருகிறது. படிக்கிற பிள்ளைக்கு நாலும் நாலு சங்கதி மாதிரி தெரிகிறது. உங்களுக்குப் பிளஸ் டூவில் வரும் இந்தப் பாடம், பக்கத்தில் புதுச்சேரியில் சிபிஎஸ்இ படிக்கும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னிலேயே வந்துவிடுகிறது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் இடறுவது என்னவோ ஒரே இடத்தில்தான்: கணக்கைப் படித்ததும் கை சூத்திரத்தைத் தேடுகிறது, கண் குடுவையைப் பார்ப்பதில்லை. ஊற்றியதெல்லாம் ஒன்றோடொன்று வினைபுரிந்து முடித்த பிறகு உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் சூத்திரம் தானாக வந்து நிற்கும்.

இதை ஒரே குடுவையில் காட்டிவிடலாம். கூம்புக் குடுவையில் 25 மி.லி. அசிட்டிக் அமிலம் எடுத்துக்கொள்ளுங்கள், 0.1 மோலார். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதுவும் 0.1 மோலார். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵; அதன் பிகேஏ, அதாவது அந்த மாறிலியின் எதிர்மறை மடக்கை, 4.74. இனி செறிவை மறந்துவிட்டு மில்லிமோலில் எண்ணுங்கள். மி.லி. பெருக்கல் மோலார், அவ்வளவுதான். அமிலம் 2.5 மில்லிமோல்.

பியூரெட்டைத் திறப்பதற்கு முன்னால் குடுவையில் இருப்பது வலிமை குறைந்த அமிலம் மட்டும். அது தன் ஹைட்ரஜன் அயனியைச் சுலபத்தில் விடாது. மாறிலியைச் செறிவால் பெருக்கினால் 1.8 × 10⁻⁶, வர்க்கமூலம் 1.34 × 10⁻³. இதுதான் ஹைட்ரஜன் அயனியின் செறிவு; அதன் எதிர்மறை மடக்கைதான் பிஹெச், 2.87. அதாவது நூறு மூலக்கூறில் ஒன்று, ஒன்றேகால்தான் பிரிந்திருக்கிறது. இதே செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் முழுவதும் பிரிந்து பிஹெச் 1 வந்திருக்கும்.

இப்போது 10 மி.லி. காரம் விடுங்கள். 1.0 மில்லிமோல் காரம் போய் 1.0 மில்லிமோல் அமிலத்தைத் தின்றுவிட்டது. மிச்சம் 1.5 அமிலம், புதிதாக 1.0 அசிட்டேட். அமிலமும் அதன் இணைக் காரமும் ஒரே குடுவையில் இருக்கின்றன, ஆக இது தாங்கல் கரைசல். கணக்கில் "தாங்கல்" என்ற வார்த்தையே இருக்காது; நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹென்டர்சன் சமன்பாட்டில் (பிஹெச் = பிகேஏ கூட்டல் மடக்கை இணைக் காரம்/அமிலம்) போட்டால் 4.74 கூட்டல் மடக்கை 1.0/1.5. பிஹெச் 4.57. கன அளவு 35 மி.லி. ஆகிவிட்டதே, வகுக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். மேலும் கீழும் அதே 35 என்பதால் அடிபட்டுப் போகிறது. மில்லிமோலில் எண்ணச் சொன்னதன் லாபம் இதுதான்.

12.5 மி.லி. விட்டால் இரண்டும் சரிபாதி. விகிதம் 1, மடக்கை பூச்சியம், பிஹெச் 4.74. பிகேஏ என்ற எண்ணுக்கு அர்த்தமே இந்தப் பாதி வழிதான்.

25 மி.லி. விட்டதும் அமிலம் மொத்தமும் தீர்ந்தது. இங்கேதான் பாதிப் பேர் "நடுநிலையாகிவிட்டது, பிஹெச் 7" என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள். குடுவையைப் பாருங்கள். 50 மி.லி. தண்ணீரில் 2.5 மில்லிமோல் அசிட்டேட் நிற்கிறது, 0.05 மோலார். அசிட்டேட் ஒரு காரம். வலிமை குறைந்த காரம்தான், இருந்தாலும் தண்ணீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடை வெளியே விடும். உப்பின் நீராற்பகுப்பு என்று தனிப் பாடமாக வருவது இதுவே. 7 கூட்டல் (4.74 கழித்தல் 1.30) பாதி, பிஹெச் 8.72; அந்த 1.30 என்பது 0.05-இன் எதிர்மறை மடக்கை. நிறங்காட்டியான பினாப்தலீன் ஏறக்குறைய 8.3-இல்தான் இளஞ்சிவப்பு காட்டத் தொடங்கும் என்பதால் இந்தத் தரம் பார்த்தலுக்கு அது பொருந்துகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4-க்குள் நிறம் மாறி முடித்துவிடும். இதற்கு அதைப் போட்டால் காரம் பாதிகூட விடுவதற்கு முன்பே முடிந்ததாகச் சொல்லிவிடும்.

30 மி.லி. விட்டால் 0.5 மில்லிமோல் காரம் உபரி. 55 மி.லி.யில் 0.0091 மோலார், பிஹெச் 11.96. அசிட்டேட்டும் கூடவே இருக்கிறது, ஆனால் இவ்வளவு வலிமையான காரத்தின் பக்கத்தில் அதன் பங்கு கணக்கில் வராது.

ஒரே குடுவை, ஒரே பியூரெட், பாடத்தின் முக்கால்வாசிச் சூத்திரங்கள் முடிந்துவிட்டன. இதை ஒரு தாளில் நீங்களே 5 மி.லி., 20 மி.லி., 24.9 மி.லி., 25.1 மி.லி. என்று போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டையும் கட்டாயம் போட வேண்டும். 24.9-இல் பிஹெச் 7.14, 25.1-இல் 10.30. நடுவில் விட்டது வெறும் 0.2 மி.லி., ஏறத்தாழ நாலு சொட்டு. ஆய்வகத்தில் குடுவையைச் சுழற்றும்போது நிறம் வந்து வந்து மறைகிறதே, அப்புறம் ஒரு சொட்டில் சட்டென்று நின்றுவிடுகிறதே, அது ஏன் என்று அந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

சரி, 10⁻⁸-க்கு வருவோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் பிரியும், எனவே ஹைட்ரஜன் அயனி 10⁻⁸, எனவே பிஹெச் 8. ஒவ்வொரு வரியும் ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் தண்ணீரில் அமிலத்தை விட்டுக் காரக் கரைசல் கிடைத்தது என்று விடை சொன்னால் எங்கோ உதைக்கிறது, இல்லையா? மறுபடியும் குடுவைதான். உள்ளே அமிலம் மட்டுமா இருக்கிறது? தண்ணீரும் இருக்கிறது. தண்ணீர் தன் பங்குக்கு 25 டிகிரியில் 10⁻⁷ தருகிறது, அமிலம் தருவதைப்போலப் பத்து மடங்கு. சாதாரணக் கணக்கில் அமிலத்தின் பங்கு பெரிது என்பதால் தண்ணீரை விட்டுவிடுகிறோம். இங்கே விட முடியாது. அதற்காக இரண்டையும் அப்படியே கூட்டி 1.1 × 10⁻⁷ என்று எழுதுவதும் முழுச் சரி இல்லை; அமிலம் வந்ததால் தண்ணீரின் பிரிகை கொஞ்சம் பின்வாங்கும். தண்ணீரிலிருந்து வருவதை 'அ' என்று வைத்தால், அ × (அ + 10⁻⁸) = 10⁻¹⁴. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் அ = 9.5 × 10⁻⁸, மொத்தம் 1.05 × 10⁻⁷, பிஹெச் 6.98. அமிலத்தின் செறிவு 10⁻⁶-க்குக் கீழே போனால் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்; மேலே இருந்தால் மறந்துவிடலாம்.

25 டிகிரி என்று சும்மா சொல்லவில்லை. நீரின் அயனிப் பெருக்கம், அதாவது மேலே போட்ட அந்த 10⁻¹⁴, வெப்பத்தோடு கூடும். கத்திரி வெயிலில் தூய நீர் 35 டிகிரிக்குச் சூடேறி நின்றால் அதன் நடுநிலை பிஹெச் 6.84. 60 டிகிரியில் 6.5. அது அமிலமாகிவிடவில்லை, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சமமாகத்தான் கூடியிருக்கின்றன. போட்டித் தேர்வுகளில் இதை வைத்து மடக்கும் கேள்வி வரும்.

இன்னொரு மடக்குக் கேள்வி: பிஹெச் 3, பிஹெச் 5 உள்ள இரண்டு வலிமை மிகு அமிலக் கரைசல்களைச் சம அளவு கலந்தால்? 4 என்று எழுதாதீர்கள். பிஹெச்சைக் கூட்டி வகுக்கக் கூடாது, அயனியைத்தான் கூட்டி வகுக்க வேண்டும். 10⁻³-உம் 10⁻⁵-உம் சேர்ந்து இரண்டால் வகுபட்டால் 5.05 × 10⁻⁴, பிஹெச் 3.30. இரண்டாவது கரைசல் தண்ணீர் மாதிரி நீர்க்க வைத்ததோடு சரி. அப்பாவின் குறிப்பேட்டில் காலை 7.8, மாலை 8.8, சராசரி 8.3 என்று யாராவது எழுதியிருந்தால் அந்தச் சராசரிக்கும் இதே கதிதான்.

தாங்கல் கரைசலை எண்ணில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டரில் 0.1 மோல் அசிட்டிக் அமிலம், 0.1 மோல் சோடியம் அசிட்டேட். பிஹெச் 4.74. இதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுங்கள். வந்த ஹைட்ரஜன் அயனியை அசிட்டேட் பிடித்து அசிட்டிக் அமிலமாக்கிவிடுகிறது. இப்போது அசிட்டேட் 0.09, அமிலம் 0.11. மடக்கை எடுத்தால் கழித்தல் 0.09. பிஹெச் 4.66. அதே 0.01 மோல் அமிலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் விட்டிருந்தால் 7-இலிருந்து 2-க்கு விழுந்திருக்கும்.

எப்படித் தாங்கியது? இரண்டு காரணம் சேர்ந்து. வந்த வலிமையான அமிலம் வலிமையில்லாத அமிலமாக மாறிவிட்டது, அதாவது ஹைட்ரஜன் அயனி காணாமல் போகவில்லை, பூட்டி வைக்கப்பட்டது. அப்புறம், பிஹெச்சைத் தீர்மானிப்பது விகிதத்தின் மடக்கை. விகிதம் பத்து மடங்கு மாறினால்தான் பிஹெச் 1 நகரும். அதனால்தான் பிகேஏவுக்கு மேலே 1, கீழே 1 என்ற எல்லைக்குள் தாங்கல் நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள்.

ஆனால் தாங்கல் என்றால் மாறவே மாறாது என்று நினைத்துவிடாதீர்கள். அது வீட்டில் இருக்கிற அரிசி மாதிரி. இருக்கிற வரைக்கும்தான் விருந்தாளி வந்தது தெரியாது. மேலே உள்ள கரைசலில் 0.1 மோல் அசிட்டேட்தான் இருக்கிறது. 0.12 மோல் அமிலம் ஊற்றினால் அசிட்டேட் தீர்ந்து, 0.02 மோல் வலிமை மிகு அமிலம் வெறுமனே நிற்கும், பிஹெச் 1.7. அங்கே ஹென்டர்சன் சமன்பாட்டைப் போட்டால் மடக்கைக்குள் எதிர்மறை எண் வரும், கால்குலேட்டர் திட்டும். இன்னும் ஒன்று. இதே தாங்கலைப் பத்து மடங்கு நீர்த்தால் விகிதம் மாறாது, எனவே பிஹெச் அதே 4.74. தாங்கும் திறன் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். பிஹெச் ஒரு செய்தி, தாங்கல் திறன் வேறு செய்தி. முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்ல முடியாது. அப்பாவின் குளத்துக்கு இந்த ஒரு வரிதான் ரொம்ப முக்கியம்.

பிஹெச் பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்ததும் இல்லை. 1909-இல் சோரன்சன் இந்த அளவைக் கொண்டுவந்தது கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். நொதிகள் எந்த அளவு அமிலத்தில் நன்றாக வேலை செய்கின்றன என்று பார்க்க ஒரு வசதியான எண் தேவைப்பட்டது. நம் மாவட்டத்தில் நெல்லிக்குப்பம் மாதிரி சர்க்கரை ஆலை ஊரில் இதன் அருமை தெரியும். கரும்புச் சாற்றின் பிஹெச் ஐந்து, ஐந்தரை வாக்கில் இருக்கும். அதை அப்படியே காய்ச்சினால் அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோசை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைத்துவிடும், சர்க்கரையாகப் படியாது. அதனால் சுண்ணாம்புப் பால் விட்டு பிஹெச் 7-ஐ ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். அளவு மீறினால் சாறு கறுக்கும். கடலூர் சிப்காட் மாதிரி தொழிற்பேட்டைகளில் கழிவுநீரை வெளியே விடுவதற்கும் 5.5 முதல் 9.0 வரை என்று வரம்பு உண்டு. அந்த வரம்பில் நாலு எண்கூட இல்லையே என்று அலட்சியம் வேண்டாம். இரண்டு முனைக்கும் நடுவில் ஹைட்ரஜன் அயனி மூவாயிரம் மடங்கு வித்தியாசம்.

இப்போது குளம். அங்கே தாங்கல் வேலையைச் செய்வது பைகார்பனேட். அதன் இணை அமிலம், தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு. பிகேஏ 6.35. பகலில் வெயில் ஏற ஏறப் பச்சைப் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது. விகிதத்தின் கீழ்ப் பகுதி குறைகிறது, பிஹெச் ஏறுகிறது. ராத்திரி பாசி, இறால், அடிச்சேறு எல்லாம் சுவாசித்துக் கார்பன் டை ஆக்சைடைத் திருப்பி விடுகின்றன, விடியும்போது பிஹெச் இறங்கியிருக்கிறது. காலை 7.8, மாலை 8.8 என்பதன் கதை இவ்வளவுதான்.

அது ஏன் தாங்கவில்லை? பைகார்பனேட்டுக்கு இரண்டு பிகேஏ: ஒரு பக்கம் 6.35, இன்னொரு பக்கம் கார்பனேட்டாக மாறும் 10.33. நடுப்புள்ளி 8.34. குளம் இருப்பது சரியாக அந்த நடுவில், இரண்டு பிகேஏவுக்கும் எட்டாத தூரத்தில். பாடப் புத்தகப்படி அங்கேதான் பைகார்பனேட்டின் தாங்கும் திறன் குறைவு. (உவர்நீரில் இந்த எண்கள் கொஞ்சம் இறங்கும், கதை மாறாது.) அப்படியிருந்தும் குளம் ஓரளவு நிற்கிறதென்றால் அது கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் மொத்த இருப்பால். அந்த இருப்பைத்தான் இறால்காரர்கள் ஆல்கலினிட்டி என்று டெஸ்ட் கிட்டில் பார்க்கிறார்கள். பேனா அதைக் காட்டாது. ஒரே 8.0 காட்டும் இரண்டு குளங்களில் ஒன்றுக்கு 50 பிபிஎம் ஆல்கலினிட்டி, இன்னொன்றுக்கு 150 இருக்கலாம். சாயங்காலம் எது தாவும் என்று சொல்லத் தேவையில்லை. 100-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வதும், காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் அரைக்கு மேல் போகாமல் பார்ப்பதும் வழக்கமாகச் சொல்லும் அளவு. அப்பாவின் குளத்தில் வித்தியாசம் 1. ஆல்கலினிட்டி குறைவு, அல்லது பாசி அதிகம், இல்லை இரண்டும்.

இந்த ஒன்று எதற்குக் கவலைப்பட வேண்டியது என்பதற்கும் அதே ஹென்டர்சன் சமன்பாடுதான் பதில் சொல்லும். தீவன மிச்சத்திலிருந்தும் இறாலின் கழிவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது அம்மோனியம் அயனியாக இருந்தால் இறாலை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது; அம்மோனியாவாகவே இருந்தால் செவுள் வழியே உள்ளே போய் விஷமாகும். பிகேஏ 9.25. பிஹெச் 7.8-இல் விகிதத்தைப் போடுங்கள்: 10-இன் அடுக்கு கழித்தல் 1.45, அதாவது 0.035, மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றரைக்குள். 8.8-இல் அடுக்கு கழித்தல் 0.45, விகிதம் 0.355, நூற்றுக்கு 26. உப்புத் தண்ணீரிலும் வேறு வெப்பநிலையிலும் எண் கொஞ்சம் நகரும், ஆனால் போக்கு இதுதான். ஒரு கிராம் தீவனம்கூடக் கூடுதலாகப் போடவில்லை, தண்ணீர் அதேதான், சாயங்காலத்துக்குள் விஷப் பங்கு ஏழெட்டு மடங்கு.

சுண்ணாம்பு போடலாமா என்றால் எந்தச் சுண்ணாம்பு என்று கேட்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரில் கால்சியம் ஹைட்ராக்சைடாகி வலிமையான காரமாகும். தெவிட்டிய கரைசலின் பிஹெச் 12.4. காய்ந்த குளத்தில் தரை தயாரிக்க அது சரி. இறால் இருக்கும்போது, அதுவும் பிஹெச் ஏற்கெனவே 8.8 நிற்கும் சாயங்காலத்தில், அதை இறைப்பது ஆபத்து. டாலமைட், சுடாத சுண்ணாம்புத் தூள் இவை கார்பனேட். மெதுவாகக் கரைந்து இருப்பைக் கூட்டும், பிஹெச்சைத் தூக்கியடிக்காது. சோடியம் பைகார்பனேட் இன்னும் வேகம், விலைதான் கூடுதல். அளவைக் குளத்தைப் பார்த்தவர் சொல்ல வேண்டும்; பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, தண்ணீர் மாதிரியோடு போய்க் கேட்கலாம்.

அதற்கு முன்னால் பேனாவைச் சோதியுங்கள். பெட்டியில் 4.01, 6.86, 9.18 என்று எழுதிய சின்னப் பொட்டலங்கள் இருக்கும். மூன்றும் தாங்கல் கரைசலுக்கான தூள்: பித்தலேட், பாஸ்பேட், போராக்ஸ். அதில் எழுதியிருக்கும் அளவு வடிநீரில் கரைக்க வேண்டும், போர்த் தண்ணீரில் இல்லை. குளத்துக்கு 6.86-உம் 9.18-உம் போதும், நீங்கள் அளக்கும் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது முனையைக் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கரைத்த 9.18 கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெல்ல இறங்கும். பழைய கரைசலில் பேனாவைத் திருகி வைத்தால் குளத்தின் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். காலையும் மாலையும் அதே பேனா, அதே இடம், அதே ஆழம் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு, கூடவே ஆல்கலினிட்டியையும் எழுதி அனுப்புங்கள். கணக்கை அடுத்து அந்த எண்களிலேயே போடலாம்.